சத்து ஊசி

திண்டிவனத்தில் கம்பவுண்டர் ராயப்பனின் கைக்கு ஒரு பேர் உண்டு. டாக்டர் விருத்தாசலம் ஊசி போட்டால் இரண்டு நாள் நொண்டியடிக்க வேண்டும், ராயப்பன் போட்டால் போட்டதே தெரியாது என்பார்கள். டாக்டருக்கும் இது தெரியும். தெரிந்ததனால்தான் டிஸ்பென்சரியை அவனிடம் விட்டுவிட்டு, வாரத்தில் பாதி நாள் ஓமந்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருந்த தன் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அப்பேர்ப்பட்ட கைராசிக்காரன்தான், அறுபத்து நாலாம் வருஷம் ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை, அலமாரியில் இருந்த ஒரு சின்னச் சீசாவின் லேபிளைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

மெட்ராசிலிருந்து டாக்டர் கோதண்டபாணி வந்து, அவனுக்கு இரண்டடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், முன்கோபி. வாயில் வரும் புற்றுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மஞ்சள் மாத்திரை வந்திருந்தது. அது என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் கட்டி சுருங்கும், எவ்வளவு கொடுத்தால் ஆளே சுருங்கிப்போவான் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வெற்றிலையோடு புகையிலையை அடக்கி அடக்கிக் கன்னத்தைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை என்பதால், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் பன்னிரண்டு பேரைப் பிடித்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே வாடகைக்கு எடுத்த அறையில் பன்னிரண்டு பேரையும் பார்ப்பார்.

நடுவில் அவர்களைக் கவனிக்க உள்ளூர் ஆள் வேண்டுமே. திண்டிவனத்துப் பக்கத்து ஐந்து பேருக்கு ராயப்பன். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் கட்டங்கள்: வாய்ப்புண், வாந்தி, பேதி, முடி கொட்டுதல், காய்ச்சல், ரத்தக் கசிவு. மருந்தின் பக்க விளைவு எது வந்தாலும் தேதி போட்டு எழுத வேண்டும். ஐந்து பேரில் ஒருவர் லூர்துநாதன். ராயப்பனின் அக்கா சூசை மேரியின் புருஷன். அம்மா செத்தபோது ராயப்பனுக்கு மூன்று வயது. அக்காதான் தூக்கி வளர்த்தாள். அவள் கல்யாணமாகிப் போனபோது இவனும் சேர்ந்து போனான். சீதனமாக வந்த மச்சான் என்று ஊரே கேலி பண்ணியும், மாமா ஒரு நாள்கூட முகம் சுளித்தவரில்லை.

அந்த மாமாவின் அட்டையைத்தான் கோதண்டபாணி கையில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் எழுதிய ஒரு வாய்ப்புண்ணைத் தவிர, பத்து வாரமாக எல்லாக் கட்டமும் காலி. மற்றவர்களுக்கு வாய்ப்புண் வருகிறது, வாந்தி வருகிறது. இவருக்கு மட்டும் அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. கட்டியும் சுருங்கவில்லை. அப்படியானால் அளவு போதவில்லை என்றுதானே அர்த்தம். ஈஸ்டர் முடிந்ததும் மாத்திரையை ஒன்றரை மடங்காக்கினார், ஒன்றுமில்லை. போன சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, இரட்டை அளவை நரம்பில் ஊசியாகவே போட்டார், அதற்கும் ஒன்றுமில்லை. இப்போது முடிவுக்கு வந்துவிட்டார். நாளை மறுநாள் விழுப்புரத்தில் பன்னிரண்டு பேருக்கும் இரட்டை அளவு.

சொல்லிவிட்டு, சந்தோஷத்தில் மருந்தின் சூட்சுமத்தையும் விளக்கினார்.

"உடம்புல ஃபோலிக் ஆசிட்னு ஒரு சத்து இருக்கு, ராயப்பன். அது இல்லாம எந்தத் திசுவும் வளராது. புத்து வேகமா வளர்ற சனியன், அதுக்கு அந்தச் சத்து நெறைய வேணும். இந்த மருந்து குறுக்க நின்னு அதைத் தடுக்குது. பட்டினி போட்டுச் சாகடிக்குது. வாயும் குடலும்கூட வேகமா வளர்ற இடம்தான். அதனாலதான் அங்கயும் புண்ணாகுது."

ராயப்பனின் கண் தன்னால் அலமாரிக்குப் போனது. அரையடி தூரத்தில் சத்து ஊசிச் சீசா. ஈரல் சத்து, பி-12, அதற்குக் கீழே அவர் இப்போது சொன்ன அதே ஃபோலிக் ஆசிட். எத்தனையோ முறை கண்ணில் பட்ட எழுத்துதான், ஒரு முறைகூட மனசில் பட்டதில்லை. அப்போதுதான் லேபிளைத் திருப்பி வைத்தான். கோதண்டபாணி காபியைக் குடித்து முடித்து, மற்ற நாலு அட்டைகளையும் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். ராயப்பன் வாசல்வரை போய்க் கும்பிட்டான். வாய் மட்டும் திறக்கவில்லை.

பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு. மாமாவுக்கு இருபது சத்து ஊசி போட்டிருந்தான்.

ஏன் போட்டான் என்று கேட்டால், போடாமல் எப்படி இருக்க முடியும் என்றுதான் அவன் கேட்பான். மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம், தவக்காலம் தொடங்கியிருந்தது. மாமாவின் வாய் முழுக்கக் கொப்புளம். கேப்பைக் கூழைக்கூடத் துணியில் வடிகட்டிக் கொடுத்தால் இரண்டு மடக்கு இறங்கும், மூன்றாவது மடக்குக்குக் கண்ணில் தண்ணீர் வரும். மல்லாட்டை மண்டியில் அளவுக்காரர் அவர். மரக்காலைக் கையில் எடுத்து, ராகம் போட்டு எண்ணினார் என்றால் மூன்று தெருவுக்குக் கேட்கும். விற்கிறவனும் வாங்குகிறவனும் அவர் சொன்ன எண்ணிக்கைக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. அந்த வாய் எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தது. புற்றே தேவலை, இந்த மருந்து வேண்டாம் என்று கையால் சைகை காட்டினார். சூசை மேரி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் ஒரு சத்து ஊசி போட்டான்.

நம் ஊரில் சத்து ஊசி மருந்தில் சேர்த்தியில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் போடுவார்கள், பரீட்சை எழுதுகிறவனுக்குப் போடுவார்கள், பெரிய வீட்டு மாப்பிள்ளை இளைத்துவிட்டால் அவருக்கும் போடுவார்கள். வந்தவர்களுக்குச் சோறு போடுவது மாதிரி அது. வேறு மருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்று கோதண்டபாணி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் கேட்கவும் கேட்டார். இல்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். பொய் சொல்லுகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. நாலே ஊசியில் வாய் ஆறியது. ஈஸ்டர் அன்றைக்கு மாமா ஆட்டுக்கறியை மென்று தின்றார். தன் கையின் ராசியை நினைத்து ராயப்பன் அன்று கோயிலில் கொஞ்சம் நிமிர்ந்தே நின்றான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அட்டையில் பொய்யாக ஒரு எழுத்தும் எழுதவில்லை. புண் இருந்தபோது எழுதினான், ஆறினபின் கட்டம் காலி. சத்து ஊசியை எழுத அட்டையில் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனான். மாமா மண்டிக்குப் போயிருந்தார். அக்கா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மருந்து கட்டியைப் பட்டினி போடுகிறது, நான் பின்கட்டு வழியாக அதற்கே சோறு போட்டிருக்கிறேன் என்றான். அவளுக்கு முழுதும் விளங்கியது. அக்கா படிக்காதவளே தவிர மக்கு இல்லை. முறம் நின்றுவிட்டது.

நாளைக்கு டாக்டரிடம் சொல்லப்போகிறேன் என்று அவன் சொன்னதும்தான் அவள் நிமிர்ந்தாள். பேரணி ஊர்க்காரன் கதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவனாக முதலில் இருந்தவன் அவன். ரகசியமாகச் சூரணம் தின்றது தெரிந்ததும், டாக்டர் அவன் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்தார். மாத்திரை நின்றது. ஈஸ்டரைப் பார்க்க அவன் இல்லை.

"நீ வாயத் தொறந்தா உங்க மாமா பேரையும் அடிச்சிடுவாருடா. ஊசிய இன்னையோட நிறுத்திடு. நாளைலருந்து மருந்து அதும் பாட்டுக்கு வேல செய்யட்டும். யாருக்கு இன்னா தெரியப்போவுது?"

ராயப்பன் முந்தின இரவெல்லாம் இதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தான். ஊசியை நிறுத்திவிட்டு இரட்டை அளவு ஏற்றினால் மாமா தாங்குவாரா என்று யாருக்கும் தெரியாது. தாங்கினவர் மாமா இல்லை, சீசாதான் தாங்கியது. நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தால் கட்டி கொழுக்கும். இது அவர்கள் வீட்டுக் கஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் சத்து ஊசி போட்டார்கள்? மாமாவின் காலிக் கட்டங்களை நம்பித்தான் டாக்டர் அவர்கள் நரம்பில் இரட்டை அளவை ஏற்றப்போகிறார். இதையும் அக்காவிடம் சொன்னான்.

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அவங்கள்லாம் எனக்கு யாருடா?"

அதைச் சொல்லிவிட்டு அவளே முகத்தை மூடிக்கொண்டாள். அப்படிச் சொல்லுகிறவள் இல்லை அவள். பயம் சொல்ல வைத்தது. அவனுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு என்றாள். அவன் எழுந்து வந்துவிட்டான்.

சனிக்கிழமை காலை பாசஞ்சரில் மாமாவும் அவனும் ஏறினார்கள். மாமா சலவை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். தான் தாங்கியதனால்தான் எல்லோருக்கும் பெரிய ஊசி போடுகிறார்கள் என்று அவருக்கும் சேதி தெரிந்திருந்தது. ஒரு பெருமை. வலது கன்னம் மட்டும் நெல்லிக்காய் அடக்கியது போல உப்பியிருந்தது. மயிலம் வந்தது, பேரணி வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும், வண்டி கிளம்பியதும் சொல்லிவிடலாம் என்று ராயப்பன் நினைத்தான். வண்டி கிளம்பும். அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும்.

முண்டியம்பாக்கத்தில் சின்னபொண்ணு ஏறினாள். பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. நாற்பது வயது, நடவுக்கும் களைக்கும் போகிறவள், விரலால் தள்ளினால் விழுந்துவிடுகிற உடம்பு. இவர்களைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டாள். பழைய அளவுக்கே அவளுக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது. பெரிய ஊசி என்றதும் வராமல் இருந்துவிடலாமா என்று நேற்று வரைக்கும் யோசித்தாளாம். அப்புறம்தான் தைரியம் வந்ததாம்.

"அண்ணனுக்கே ஒண்ணும் பண்ணலயாமே. எனக்கு மட்டும் இன்னா பண்ணிடப்போவுதுன்னு வந்துட்டேன். சின்னவளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிக்கீறேன். அதுக்குள்ள கொணமாயிடணும்."

மாமா பெருந்தன்மையாகச் சிரித்து, ஒன்றும் பண்ணாது, நான் இருக்கிறேன் பார் என்றார். ராயப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விழுப்புரத்து அறையில் மின்விசிறி இல்லை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் வெள்ளைத் துணி, அதன் மேல் வரிசையாகப் பன்னிரண்டு மஞ்சள் குப்பிகள், கொதிக்க வைத்த சிரிஞ்சுகள். கோதண்டபாணி உற்சாகமாக இருந்தார். எடை குறைந்தவளை முதலில் முடித்து அனுப்பிவிடலாம் என்று சின்னபொண்ணைக் கூப்பிட்டார். அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். நரம்பு கிடைக்கவில்லை. ராயப்பன், வாங்க, உங்க கைதான் சரி என்றார். அவன் போய் ரப்பர் குழாயைக் கட்டினான். முழங்கை மடிப்பில் தட்டினான். நூல் மாதிரி ஒரு நரம்பு எழும்பியது. டாக்டர் மஞ்சள் மருந்து நிரம்பிய சிரிஞ்சை அவனிடம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. ரப்பர் குழாயை அவிழ்த்துவிட்டான்.

"வேணாம் சார். எங்க மாமா தாங்கல. அந்த அட்டை தப்பு."

டாக்டருக்குப் புரியவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து காலிச் சீசாவை எடுத்து வெள்ளைத் துணி மேல் வைத்தான், லேபிள் அவருக்குத் தெரிகிற மாதிரி. வாரம் இரண்டு, மொத்தம் இருபது என்றான். கோதண்டபாணி லேபிளைப் படித்தார். சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். கோபத்தில் அவர் மேஜையைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அன்று சத்தமே வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வியாழக்கிழமை நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"நேத்து வேற ஒரு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போட்டேன். இரட்டை அளவு தாங்குதுன்னு எழுதி. அங்க முப்பது பேர் இருக்காங்க. திங்கட்கிழமை ஆரம்பிப்பாங்க."

சொல்லிக்கொண்டே அவர் எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெயிலில் இறங்கித் தந்தியாபீசுக்கு ஓடினார். என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ராயப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு நாளில் முப்பது பேர் அவன் கணக்கில் சேர்ந்திருந்தார்கள். பெஞ்சிலிருந்து மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி கழித்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவர், தந்தி போய்விட்டது என்று மட்டும் சொன்னார். லூர்துநாதனின் அட்டையை எடுத்தார். குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு. பன்னிரண்டு குப்பிகளையும் எண்ணிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு, மருந்து சாப்பிடுகிறீர்களா என்றுதானே கேட்டேன், ஊசி போடுகிறீர்களா என்று கேட்கவில்லையே என்று தனக்குத் தானே முணுமுணுத்தார்.

மாமா எழுந்து மேஜை அருகே வந்தார். மேல்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ இந்தப் பத்து வாரமும் மருந்து எனக்கு வேலையே செய்யலயா, ஐயா?"

பெரும்பாலும் செய்திருக்காது என்றார் டாக்டர். கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்து, முதல் நாள் குறித்த அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிட்டு, கட்டி இதற்குள் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது என்றும் சொன்னார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ராயப்பனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "மூட்டையில கல்லப் போட்டுட்டு என்னிய அளக்கச் சொல்லிக்கீற."

முப்பது வருஷம் அளந்தவர். ஒரு மரக்கால் கூட்டிச் சொன்னார், குறைத்துச் சொன்னார் என்று ஒருத்தன் நாக்கு மேல் பல் போட்டுச் சொன்னதில்லை. அவருடைய பேரில் ஒரு பொய் எண்ணிக்கை பத்து வாரமாக ஊர் ஊராகப் போயிருக்கிறது. ராயப்பன் அங்கேயே அழுதுவிட்டான். அவனுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

மாமா டாக்டரிடம் ஒன்று கேட்டார். மருந்து இன்னும் தன் உடம்பில் வேலையே செய்யவில்லை என்றால், அதைக் கொடுத்துப் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம். முதலிலிருந்து கொடுத்துப் பார்க்க முடியுமா? ஆராய்ச்சிக் கணக்கில் உங்களை இனிமேல் சேர்க்க முடியாது என்றார் கோதண்டபாணி. மாமா விடவில்லை; கணக்கில் வேண்டாம், வாயில் போடுங்கள் என்றார். டாக்டர் பூட்டிய பெட்டியைப் பார்த்தார். பேரணிக்காரன் ஞாபகம் அவருக்கும் வந்திருக்கலாம். கடைசியில், பழைய அளவு மாத்திரை தருகிறேன், என் சொந்தப் பொறுப்பில். குணமாகும் என்று சொல்லமாட்டேன், புண் வரும் என்று சொல்லுகிறேன் என்றார். புதிதாக ஓர் அட்டையை எடுத்து, அதன் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கட்டத்தைக் கையாலேயே போட்டார். வேறு என்ன கொடுத்தீர்கள் என்று அதற்குத் தலைப்பு எழுதி ராயப்பனிடம் நீட்டினார். சோறும் தண்ணீரும்கூட இதில் எழுத வேண்டும் என்றார்.

திரும்பும் வண்டியில் சின்னபொண்ணு பேசினாள். பெரிய ஊசிக்கென்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தால், கட்டின குழாயை அவிழ்த்து அனுப்பிவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரம். முண்டியம்பாக்கத்தில் இறங்கும்போது ராயப்பனைப் பார்த்து, உன் வாயால எனக்கு வர இருந்த மருந்து போச்சு என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த மருந்து அவளை என்ன செய்திருக்கும் என்று அவன் சொல்லவில்லை. திட்டிக்கொண்டே அவள் நடந்து போவதைப் பார்க்க அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அக்கா பேச்சை நிறுத்தினாள். தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் தள்ளுவாள், நிமிர்ந்து பார்க்கமாட்டாள். மாமாவுக்கு மாத்திரை கொடுக்க அவன் காலையில் வருவான், அவள் பின்பக்கம் போய்விடுவாள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் முடிகிறபோது மாமா கூழைக் குடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று குவளையைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர். அடுத்த நாள் உதடு வெடித்தது. நாலாம் நாள் துணியில் வடிகட்டியும் இறங்கவில்லை.

அன்று காலையில் ராயப்பன் அட்டையோடு உள்ளே நுழைந்ததும் அக்கா குறுக்கே வந்து நின்றாள். பதினைந்து நாளுக்கு மேல் ஆன பிறகு முதல் பேச்சு.

"ஒரே ஒரு ஊசி போடுடா. ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் சொல்ல வேணாம்னு கேக்கல, எழுதிக்கினே போடு. இந்தக் கண்றாவிய என்னால பாக்க முடியல."

அவனாலும் முடியவில்லை. டிஸ்பென்சரியில் சத்து ஊசிச் சீசா இன்னும் அதே அலமாரியில்தான் இருந்தது. சைக்கிளை மிதித்தால் கால்மணி நேரம். போட்டால் வாய் ஆறும், மாமா கறி தின்பார், அக்கா சிரிப்பாள், கட்டி வளரும். "மருந்து வேல செய்யறதாலதான் இது, அக்கா" என்றான். அக்கா அவன் மார்பில் இரண்டு கையாலும் அடித்தாள். அடித்துவிட்டு அங்கேயே சாய்ந்துகொண்டாள். அவன் அவளைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டுப் பாயருகே போனான்.

மாமாவின் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச்சை அடித்துப் பார்த்தான். பார்க்கச் சகிக்கவில்லை. கன்னத்தில் மூன்று, உதட்டின் உள்பக்கம் இரண்டு, ஈறோரம் ஒன்று, நாக்கின் நுனியில் ஒன்று. கட்டி அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிந்தது, அது டார்ச் வெளிச்சமாகவும் இருக்கலாம். அட்டையை முழங்கால் மேல் வைத்து, வாய்ப்புண் என்ற கட்டத்தில் ஏழு என்று எழுதினான். வேறு என்ன கொடுத்தீர்கள் என்ற கட்டத்தில் கூழ், தண்ணீர் என்று எழுதினான்.

மாமா கையை நீட்டி அட்டையை வாங்கினார். கண்ணுக்கு நேரே பிடித்து, எழுதியிருந்ததைப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். விரலால் தன் தாடையைத் தூக்கி, வலியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூன்று தெருவுக்குக் கேட்ட அந்த வாயால் காற்று மாதிரி சொன்னார்:

"எட்டு. நாக்குக்குக் கீழ ஒண்ணு கீது. உட்டுடாத."

ராயப்பன் மறுபடியும் டார்ச்சை அடித்து, நாக்கைத் தூக்கிப் பார்த்தான். இருந்தது. ஏழை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினான்.